முத்திரை இல்லாத பாட்டுகள்

பழைய பாட்டுகளில் பிரியமுள்ள யாரிடமாவது 'ஹரிதாஸ்' படத்தைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். "பாகவதர் பாட்டா? அது மாதிரி இனிமேல் வருமா!" என்பார். எம்.கே. தியாகராஜ பாகவதர் பாடினார், நடித்தார். 1944 தீபாவளிக்கு வந்த அந்தப் படம் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைப் பார்த்தது. எல்லாம் வாஸ்தவம். பாகவதர் அந்தப் பாட்டுகளை எழுதவில்லை என்பதும் வாஸ்தவம். எழுதியவர் பாபநாசம் சிவன்.

சபா ரசிகர்களிடம் கேட்டால் சிவன் பெயர் உடனே வரும். 'தமிழ்த் தியாகராஜர்' என்ற பட்டத்தோடு வரும். ஆனால் அங்கே அவர் கீர்த்தனைகள் செய்த மகான். சினிமாவுக்கு எழுதினார் என்பது ஏதோ குடும்பக் கஷ்டத்தில் செய்த காரியம் மாதிரி, குரலைத் தாழ்த்திச் சொல்லப்படும். சினிமாக்காரர்களுக்கு அவர் பாகவதருக்கு எழுதிக் கொடுத்தவர். சபாக்காரர்களுக்கு சினிமாவுக்கும் எழுதியவர். ஒரே மனிதர் இரண்டு வீட்டிலும் பாதி விருந்தாளி.

பழைய பாட்டு உலகத்தில் இந்த மாதிரி மறதிக்கு ஒரு தடுப்பு இருந்தது. கடைசிச் சரணத்தில் எழுதியவர் தன் பெயரையோ, தனக்கென்று வரித்துக்கொண்ட ஒரு பெயரையோ செருகி வைப்பார். அதற்கு முத்திரை என்று பெயர். தியாகராஜர் தன் பெயரையே வைத்தார். முத்துசுவாமி தீட்சிதருக்கு 'குருகுஹ', சியாமா சாஸ்திரிக்கு 'சியாமகிருஷ்ண'. அச்சகமும் காப்புரிமைச் சட்டமும் இல்லாத காலத்தில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு இருக்க முடியாது. பாடுகிறவர் எழுதியவரை விழுங்கிவிட நினைத்தாலும் முடியாது. அந்த இடத்தில் தாளம் இடிக்கும்.

சிவன் முத்திரை உள்ள உலகத்திலிருந்து புறப்பட்டு, முத்திரைக்கு இடமே இல்லாத ஓர் உலகத்துக்கு வந்து சேர்ந்தவர். புறப்பட்ட இடம் தஞ்சாவூர் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிறந்தது அங்கே, பாட்டு தொடங்கியது திருவனந்தபுரத்தில், கரமனையில்.

திருவனந்தபுரம் தம்பானூரில் நாகர்கோவில் பஸ் ஏறினால் நன்றாக உட்காருவதற்குள் கிள்ளிப்பாலம் தாண்டிக் கரமனை வந்துவிடும். பாலத்தின் கீழே அதே பெயருள்ள ஆறு. மேலே தேசிய நெடுஞ்சாலைக்கே உரிய இரைச்சல். பெரிய சாலையை விட்டு உள்ளே திரும்பினால் அக்கிரகாரத் தெருக்கள். இடித்துக் கட்டியது போக மிச்சமிருக்கும் ஒட்டு வீடுகள். நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வெவ்வேறு காலங்களில் திருவிதாங்கூர் அரசு உத்தியோகத்துக்கும், கோயில் காரியத்துக்கும், சமையலுக்கும் வந்து தங்கியவர்களின் சந்ததி. வீட்டில் தமிழ், வீதியில் மலையாளம், பள்ளிக்கூடத்தில் மலையாளமும் ஆங்கிலமும். பேசுகிற தமிழிலும் மலையாளம் கலந்து கிடக்கும். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத தமிழர்கள் இங்கே அபூர்வமில்லை. பஜனைப் பாட்டு நோட்டுகளை வாங்கிப் பார்த்தால் விஷயம் புரியும்: பாட்டு தமிழ், எழுத்து மலையாளம். ழகரமும் றகரமும் மலையாளத்திலும் இருப்பதால் சங்கடம் கிடையாது. தமிழில் இல்லாத க, ப வேறுபாடுகளை மலையாள எழுத்து காட்டிவிடுவதால், "உங்கள் எழுத்தைவிட இதில்தான் பாடச் சௌகரியம்" என்று என்னிடமே ஒரு மாமி சொன்னதுண்டு. எம்.ஏ. தமிழ் படித்தவளுக்கு இதற்கு என்ன பதில் சொல்வதென்று யாரும் பாடம் நடத்தியிருக்கவில்லை.

இந்தத் தெருக்களில்தான் கரமனை நீலகண்ட சிவன் இருந்தார். 1839-ல் நாகர்கோவில் வடிவீஸ்வரத்தில் பிறந்தவர், 1900-ல் மறைந்தார். தில்லை நடராஜர் மீதும் மற்ற சிவத்தலங்கள் மீதும் அவர் செய்த தமிழ்ப் பாடல்களில் சில இன்றும் கச்சேரிகளில் பாடப்படுகின்றன. பூர்விகல்யாணி ராகத்தில் உள்ள நடராஜர் பாட்டை எம்.எஸ். ரசிகர்களும் மதுரை மணி ரசிகர்களும் கேட்டிருப்பார்கள். ஆனால் அவர் கச்சேரி மேடைக்காக எழுதியவர் அல்ல. கூட்டம் சேர்ந்து பாடுவதற்காக எழுதினார். முன்னே ஒருவர் ஓர் அடியைச் சொல்ல, பின்னால் வருகிறவர்கள் அதை வாங்கித் திருப்பிச் சொல்வார்கள். வாங்கிச் சொல்லும்போது நாக்கு இடறக் கூடாது. ஒரு முறை கேட்டதும் பதிய வேண்டும். அந்த நிபந்தனைக்கு உட்பட்ட தமிழ் அது. முடிவில் 'நீலகண்டன்' என்று முத்திரை விழும்.

தஞ்சாவூர் மாவட்டத்தில் (இப்போது நாகப்பட்டினம் பக்கம்) போலகம் கிராமத்தில் 1890 செப்டம்பர் 26-ல் பிறந்த ராமையாவுக்கு ஏழு வயதில் தகப்பனார் போய்விட்டார். தாயார் யோகாம்பாள் இரண்டு பையன்களையும் அழைத்துக்கொண்டு, உறவினரின் உதவியை எதிர்பார்த்து, அந்த நூற்றாண்டு முடிகிற தறுவாயில் திருவனந்தபுரம் வந்தார். அன்றைய திருவிதாங்கூரில் பிராமணர்களுக்கு அரசே சாப்பாடு போட்டது; ஊட்டுப்புரை என்று பெயர். ஏழை விதவைகளும் பிள்ளைகளும் தெற்கு நோக்கி வந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். அந்தச் சாப்பாட்டுப் பந்தியில் யார் உட்காரலாம், யார் அந்தத் தெருவிலேயே நடக்கக் கூடாது என்ற கணக்கையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்தக் கதை பாதிக் கதையாகிவிடும். கரமனை வீதி பஜனை எல்லோருடைய வீதியிலும் நடக்கவில்லை.

வருஷங்களைக் கூட்டிப் பார்த்தால், நீலகண்ட சிவன் மறையும்போது ராமையாவுக்கு ஒன்பது, பத்து வயதுதான். நேரில் கேட்டது கொஞ்ச காலம்தான். ஆனால் பாட்டு அவரோடு போய்விடவில்லை. அவரைச் சுற்றி நின்று பாடியவர்கள் இருந்தார்கள். அந்தக் கூட்டத்தோடு பாடிக்கொண்டே பையன் வளர்ந்தான். பள்ளியில் படித்தது மலையாளம். மகாராஜா சமஸ்கிருதக் கல்லூரியில் வாங்கியது வியாகரணப் பட்டம். நாற்பது ஆண்டுகள் தமிழ் மேடையையும் திரையையும் நிரப்பப் போகிறவருடைய படிப்பில் தமிழ் இல்லை. அதைத் தெரு சொல்லிக் கொடுத்தது.

இதை ஒரு சாதனையாகக் கொண்டாடும் ஆசை எனக்கு இல்லை. காதால் மட்டும் வருகிற மொழி சிலவற்றைக் கொடுக்கும், சிலவற்றைக் கொடுக்காது. அர்த்தம் தெரியாமலே அழகாகப் பாடும் பிள்ளைகளைக் கரமனையிலும் பார்க்கலாம், டெல்லி கரோல் பாக்கிலும் பார்க்கலாம், மும்பை மாதுங்காவிலும் பார்க்கலாம். ஆனால் சிவன் விஷயத்தில் அது எதைக் கொடுத்தது என்பதை நான் ஒரு விசித்திரமான வழியில் தெரிந்துகொண்டேன். மலையாள வாசகர்களுக்காக அவருடைய சில பாட்டுகளை மொழிபெயர்க்க உட்கார்ந்தபோது அர்த்தம் அரைமணி நேரத்தில் வந்துவிட்டது. உன்னைவிட்டால் யார், ஏன் இன்னும் இரங்கவில்லை, இந்தப் பிறவி வீணாகிறதே. பக்திப் பாட்டின் வழக்கமான முறையீடுகள், அவ்வளவுதான். தாளில் வைத்துப் பார்த்தால் புதிதாக ஒன்றும் இல்லை. பிறகு பாட்டை வாய்விட்டுச் சொன்னபோதுதான் வேலைப்பாடு தெரிந்தது. பாடகர் நின்று ராகத்தை விரிக்க வேண்டிய இடத்தில் ஆ, ஏ, ஓ என்று வாய் திறக்கும் நெடில்கள். வேகமாகக் கடக்க வேண்டிய இடத்தில் குறில்கள். தொண்டையை இறுக்கும் வல்லினக் கூட்டம் நீட்டும் இடத்தில் வரவே வராது. எதுகை இரண்டாம் எழுத்தில் கச்சிதமாக விழும். பல்லவியில் தொட்டதை அனுபல்லவியும் சரணமும் திருப்பித் தொடும். சமஸ்கிருதத் தொடர் ஒன்று நீளமாக வந்து நின்றதும் பக்கத்திலேயே வீட்டுத் தமிழ்ச் சொல் ஒன்று வந்து உட்காரும். கண்ணால் படிக்கிறவனுக்கு எழுதிய தமிழ் இல்லை. மொழிபெயர்ப்பில் முதலில் உதிர்ந்து போவதும் இதுதான்.

இதே ஊரில், ராமையா வந்து சேர்ந்த சமயத்தில், இதற்கு நேர் எதிரான ஒரு தமிழ் இருந்தது. மகாராஜா கல்லூரிப் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை 1891-ல் 'மனோன்மணீயம்' நாடகத்தை அச்சிட்டார். லிட்டனின் ஆங்கிலக் கதை ஒன்றைத் தழுவி, முழுக்கச் செய்யுளில், படிப்பதற்காகவே எழுதிய நாடகம். 1897-ல் அவர் காலமானார். தமிழ் பி.ஏ., எம்.ஏ. மாணவர்கள் பரீட்சைக்குப் படித்த நாடகம் அது; மேடையில் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் அதன் முகப்பில் இருந்த வாழ்த்தை 1970-ல் தமிழக அரசு எடுத்துக்கொண்டு, எம்.எஸ். விஸ்வநாதன் மெட்டுப் போட்ட பிறகு, நாடகத்தைப் பற்றிக் கேள்விப்படாத கோடிப் பேர் அதைப் பாடிவிட்டார்கள். நாடகப் பாட்டுக்கு வாய்க்கும் விசித்திர விதிகளில் அதுவும் ஒன்று. கரமனைக்கு எட்டும் தூரத்தில் உள்ள சாலைக் கடைவீதியில் பாத்திரக் கடை வைத்திருந்த ஆ. மாதவனும் (1934-2021) மலையாளத்தில் பள்ளிப்படிப்பு முடித்துத் தமிழைத் தானாகக் கற்று 'கிருஷ்ணப் பருந்து' எழுதியவர். திருவனந்தபுரத்துத் தமிழுக்குப் பள்ளிக்கூடத்தைத் தவிர மற்ற வாசல்கள் எப்போதுமே திறந்திருந்திருக்கின்றன.

தாயார் காலமான பிறகு ராமையா ஊரைவிட்டுப் புறப்பட்டார். தமையனார் ராஜகோபாலய்யர் பாபநாசத்தில் இருந்தார். (திருநெல்வேலிப் பாபநாசம் இல்லை, கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ளது. இந்தக் குழப்பம் ஓயவே ஓயாது.) உடம்பெல்லாம் விபூதியோடு கோயில் வாசல்களில் உருகிப் பாடித் திரிந்தவரைப் பார்த்து ஜனங்கள் 'பாபநாசம் சிவன்' என்றார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. கோனேரிராஜபுரம் வைத்தியநாதய்யரின் பாட்டைக் கேட்டு, அவர் பின்னாலேயே ஊர் ஊராகப் போய்க் கேள்வி ஞானத்தைச் சேர்த்துக்கொண்டார். பல கீர்த்தனைகளில் 'ராமதாசன்' என்று முத்திரை வைத்தார். 1930-ல் சென்னை மயிலாப்பூரில் குடியேறினார். மார்கழி விடியலில் கபாலீஸ்வரர் கோயில் மாட வீதிகளில் அவர் நடத்திய பஜனை பல்லாண்டுகள் நடந்தது. கரமனையில் பின்னால் நின்று வாங்கிப் பாடிய பையன், மயிலாப்பூரில் முன்னால் நின்று எடுத்துக் கொடுத்தார்.

அந்த நேரத்தில்தான் படம் பேசத் தொடங்கியது. உண்மையில் அது பேசியது கொஞ்சம், பாடியதுதான் அதிகம். 1931-ன் 'காளிதாஸ்' முதல் நாலைந்து ஆண்டுகள் வந்த தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை காமிராவுக்கு முன்னால் நகர்த்தி வைத்த சங்கீத நாடகங்கள். மேடையில் சங்கரதாஸ் சுவாமிகள் போட்ட பாதை. மதுரகவி பாஸ்கரதாஸ் போன்ற நாடகக் கவிஞர்கள் அதே பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்குள் வந்தார்கள். பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் மேடையில் நடித்துவந்த 'பவளக்கொடி'யை 1934-ல் கே. சுப்ரமணியம் படமாக எடுத்தபோது ஏறக்குறைய 50 பாட்டுகள் இருந்தன. பாட்டுப் பொறுப்பு சிவனுடையது. மேடையில் ஒரு பாட்டு எடுபடவில்லை என்றால் மறுநாள் மாற்றிக்கொள்ளலாம். ஃபிலிமில் அது முடியாது. 'ஒன்ஸ் மோர்' கேட்டாலும் கொடுக்க முடியாது. அந்தந்தக் குரலுக்கு, அந்தந்த நிமிடத்துக்கு, முதல் தடவையிலேயே பொருந்துகிற பாட்டு வேண்டும். அப்படி எழுத வல்லவர் தேவைப்பட்டார்.

சிவனுக்குச் சொல்லும் மெட்டும் சேர்ந்தே வரும். இது சினிமாக்காரர்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். பிரபாத் கம்பெனி கோலாப்பூரில் எடுத்த 'சீதா கல்யாணம்' அவரைப் படவுலகுக்குள் இழுத்துப் போட்டது. அதில் ராமராக நடித்த எஸ். ராஜமும் சீதையாக நடித்த அவர் சகோதரி ஜெயலட்சுமியும் அவரிடம் பாட்டுக் கற்றவர்கள். பிறகு வரிசையாக: 1937-ல் மட்டும் 'சிந்தாமணி', 'அம்பிகாபதி' என்று இரண்டு பெரும் வெற்றிகள். 'அம்பிகாபதி'யை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்கர்; தமிழ் தெரியாது. 'சகுந்தலை'யும் (1940) அவர் இயக்கியதுதான்; எம்.எஸ். சுப்புலட்சுமியும் ஜி.என். பாலசுப்பிரமணியமும் பாட, சிவன் எழுதினார். கம்பன் மகன் கதையைத் தமிழ் தெரியாத ஒருவர் இயக்க, தமிழ் படிக்காத ஒருவர் பாட்டெழுத, தமிழ்நாடே மயங்கியது என்பதைத் தமிழ்ப் பேராசிரியர்கள் எப்படி ஜீரணித்தார்களோ!

அவர் நடிக்கவும் செய்தார். சுப்ரமணியத்தின் 'பக்த குசேலா'வில் (1936) குசேலர். 1939-ல் கல்கியின் 'தியாக பூமி'யில் சம்பு சாஸ்திரி. கதை 'ஆனந்த விகட'னில் படத்தின் ஸ்டில்களோடு தொடராக வந்துகொண்டிருக்க, படமும் வெளியாயிற்று. பிரிட்டிஷ் அரசாங்கம் தடை செய்தது. சேரிக் குழந்தைகளோடு போய்த் தங்கிவிடும் அந்தப் பிராமண பக்தராக, கரமனை அக்கிரகாரத்தில் வளர்ந்தவரே திரையில் வந்தார் என்பதை நான் தற்செயல் என்று ஒதுக்கிவிட மாட்டேன். அந்தப் படத்தின் இசையில் ராஜகோபாலய்யருக்கும் பங்கு உண்டு. வைக்கத்தில் பிறந்த அவர் மகள் வி.என். ஜானகி, நடிகையாகி, எம்.ஜி.ஆரை மணந்து, 1988 ஜனவரியில் 24 நாள் தமிழக முதல்வராக இருந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை.

'அசோக்குமார்', 'சிவகவி', 'ஹரிதாஸ்'. பாகவதர் உச்சத்தில் இருந்த அந்த ஆண்டுகளில் சிவனும் உச்சத்தில் இருந்தார். ஆனால் உச்சியில் ஒரு நாற்காலிதான் இருந்தது. இங்கேதான் முத்திரை விவகாரம் வருகிறது. ஹரிதாஸ் என்ற கதாபாத்திரம் மனம் திருந்திப் பாடுகிற பாட்டின் முடிவில் 'ராமதாசன்' எப்படி வருவான்? கதைப்படி அந்தச் சொற்கள் ஹரிதாஸுடையவை. கேட்கிறவர் காதில் அவை பாகவதருடையவை. எழுதியவர் பெயர் டைட்டிலில் ஒரு நொடி வரும். பிறகு, தியேட்டர் வாசலில் சில்லறைக்கு விற்கும் பாட்டுப் புத்தகத்தில் வரும். கதைச் சுருக்கத்தைச் சொல்லி 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடிக்கும் அந்தச் சாணிக் காகிதப் புத்தகங்கள்தான் தமிழ்ப் பாடலாசிரியர்களின் ஒரே பதிவேடாகப் பல காலம் இருந்தன. அவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டோம்.

நாட்டிய மேடை அவரிடம் கொஞ்சம் நியாயமாக நடந்துகொண்டது. கலாக்ஷேத்திரத்தில் சில ஆண்டுகள் அவர் கற்பித்தார். அவருடைய நாட்டக்குறிஞ்சி வர்ணம் இல்லாத பரதநாட்டிய அரங்கேற்ற சீசன் கிடையாது. சிங்கப்பூரிலும் டொரண்டோவிலும் அழைப்பிதழில் 'பாபநாசம் சிவன்' என்று அச்சாகிறது. நாட்டியத்தில் பாடலாசிரியரை அறிவிக்கும் மரபு இருக்கிறது, சினிமாவில் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான், மனிதரும் ஒருவரே, தமிழும் ஒன்றே.

1944 இறுதியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். 1947-ல் வெளியே வந்தபோது ரசனை மாறியிருந்தது. வசனம் பாட்டைத் தள்ளிவிட்டு முன்னே வந்து நின்றது. 1952-ன் 'பராசக்தி'க்குப் பிறகு கேட்கவே வேண்டாம். பாடலாசிரியர்களின் புதிய வரிசையும் நாடக மேடையிலிருந்துதான் வந்தது, ஆனால் வேறு மேடை. உடுமலை நாராயண கவி நாடகக் கம்பெனியில் பாட்டுக் கட்டிப் பழகியவர், நாகர்கோவில்காரரான என்.எஸ். கிருஷ்ணனுக்கு எழுதியவை சிரிக்கவைத்துக்கொண்டே மூடத்தனத்தைக் கிள்ளின. மருதகாசி தேவி நாடக சபாவுக்கு எழுதினார். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் சக்தி நாடக சபாவில் வேஷமே கட்டினார். அவர்கள் தமிழ் வயலிலும் சந்தையிலும் பழகியது. அதன் முன்னால் சிவனின் சமஸ்கிருதத் தொடர்கள் பழையதாகத் தெரிந்ததில் அநியாயம் எதுவுமில்லை. ஒரு தெருவின் காதுக்கு எழுதியவரை, ஊரின் காதுக்கு எழுதியவர்கள் தாண்டிப் போனார்கள் என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன். ஆனாலும் அவர்கள் எல்லோரும் அவரிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டுதான் போனார்கள்: பாட்டு என்பது வாயில் நிற்க வேண்டும்.

கரமனைப் பாலத்தைத் தாண்டிப் பாப்பனங்கோடு வழியாகக் கொஞ்ச தூரம் போனால் நேமம். நாகர்கோவிலில் பிறந்த பி. சுப்பிரமணியம் 1951-ல் மெரிலாண்ட் ஸ்டூடியோவை அங்கேதான் தொடங்கினார். அதன் ஆஸ்தானப் பாடலாசிரியராக இருந்தவர் திருநயினார்குறிச்சி மாதவன் நாயர் (1916-1965). மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் அவருடைய ஊர், 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டத்தோடு தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. மலையாளம் படித்து வளர்ந்தவர் தமிழ்ப் படப் பாடலாசிரியரானார். இன்று தமிழ்நாடாக இருக்கும் ஊரில் பிறந்தவர் மலையாளப் படப் பாடலாசிரியரானார். மெரிலாண்ட் 1961-ல் 'பக்த குசேலா' எடுத்தபோது பாட்டுகள் மாதவன் நாயருடையவை. சிவன் தமிழில் நடித்த அதே குசேலர், சிவன் வளர்ந்த கரமனைக்கு நாலைந்து மைல் தள்ளி மலையாளம் பாடினார். பாடிய கமுகற புருஷோத்தமன் திருவட்டாறுக்காரர். அதுவும் இப்போது குமரி மாவட்டம். இன்று அந்தப் பாட்டுகள் மலையாளிகளுக்கு என்ன? 'கமுகற பாட்டுகள்'.

மலையாளத்தில் நாடகப் பாட்டின் கதை வேறு திசையில் போனது. 1950-களில் கே.பி.ஏ.சி. நாடகக் குழுவின் பாட்டுகள் நாடகத்தைவிட வேகமாகப் பரவின. ஜி. தேவராஜன் இசையில் அவற்றை எழுதிய ஓ.என்.வி. குறுப்பு பின்னர் ஞானபீடம் பெற்றார். 2016-ல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். அரசுக் கல்லூரி ஆசிரியர் சினிமாவுக்கு எழுதக் கூடாது என்பதால் கொஞ்ச காலம் 'பாலமுரளி' என்ற பெயரில் எழுதினார். ஆனாலும் கேரளத்தில் வயலார், பி. பாஸ்கரன், ஓ.என்.வி. என்று பாடலாசிரியர் பெயரால் பாட்டைச் சொல்லும் பழக்கம் வேர்விட்டது. ரேடியோ அறிவிப்பாளர்களுக்கும், கவிஞர்களாகவே ஏற்கெனவே அவர்கள் பெற்றிருந்த புகழுக்கும் அதில் பங்கு உண்டு. தமிழில் அந்தக் கௌரவம் கண்ணதாசனுக்குத்தான் முதன்முதலாக முழுசாகக் கிடைத்தது.

அமெரிக்காவில் 'ஓக்லஹோமா!' அரங்கேறிய 1943-ல்தான் இங்கே 'சிவகவி' வெளிவந்தது. அந்த இசை நாடகத்தை இன்றும் 'ராட்ஜர்ஸ் அண்ட் ஹாமர்ஸ்டைன்' என்று இசையமைத்தவர், பாட்டெழுதியவர் இருவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். நியூயார்க் மேடையில் நாடகமும் பாட்டும் எழுதியவர்களுக்கே சொந்தம். தயாரிப்பாளர் வாடகைக்கு வாங்குகிறவர். 1920-களிலேயே எழுத்தாளர்கள் சங்கம் வைத்துப் போராடி இதை வாங்கிவிட்டார்கள். நம் ஊரில் பாட்டை எழுதிக் கொடுத்து, பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, ஸ்டூடியோ வாசலைத் தாண்டினால் அதோடு சரி. 1977-ல் சுப்ரீம் கோர்ட் அதற்குச் சட்ட முத்திரையே குத்தியது: பணம் கொடுத்துப் படத்துக்கென்று எழுத வைத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், தயாரிப்பாளரே முதல் உரிமையாளர். அந்தத் தீர்ப்போடு தனிக் குறிப்பு எழுதிச் சேர்த்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் பாலக்காட்டுத் தமிழ் வழியில் வந்தவர். பாடகர்களுக்குச் சட்டத்தில் எந்த உரிமையும் இல்லாமலிருப்பதைச் சுட்டிக்காட்டினார் அவர். பாடலாசிரியருக்கு நியாயம் கிடைக்க மேலும் 35 ஆண்டுகள் ஆயின. ஜாவேத் அக்தர் ராஜ்ய சபாவில் வாதாடி, 2012-ல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. தியேட்டருக்கு வெளியே பாட்டு சம்பாதிப்பதில் எழுதியவருக்குப் பங்கு உண்டு. அதை அவர் யாருக்கும் எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது, வாரிசுக்கும் காப்புரிமைச் சங்கத்துக்கும் தவிர.

சிவனுக்கு 1971-ல் மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி கொடுத்தது. 1972-ல் பத்மபூஷண். 1973 அக்டோபர் 1-ல் காலமானார். விருதுகள் எல்லாம் கீர்த்தனைக்கு. சினிமாப் பாட்டுக்கு என்று யாரும் எதுவும் கொடுத்ததாகச் சொல்ல முடியாது.

செல்போனில் 'ஹரிதாஸ்' பாட்டைத் தேடினால் பாடகர் பெயரும் படத்தின் பெயரும் உடனே வந்து நிற்கின்றன. எழுதியவர் பெயருக்கு இன்னும் இரண்டு முறை தட்ட வேண்டும். அப்படியும் சில இடங்களில் அந்தக் கட்டம் காலி. கரமனை மாமியின் நோட்டை நான் புரட்டியபோது நீலகண்ட சிவன் பாட்டுகளுக்கு அடுத்து நாலைந்து சினிமாப் பாட்டுகளும் இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் மலையாள எழுத்தில் 'பாகவதர்' என்று குறித்திருந்தார். சிவன் எழுதியது என்றேன். "நம்ம சிவனா? அவர் சினிமாவுக்கும் எழுதினாரா!" என்று பேனாவைத் தேடப் போனார்.